இன்வெர்ட்டர் மேல் பழி போடாதீர்கள்!

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகுதான் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. அன்றிலிருந்து கேட்கும் புகார்: "850 வி.ஏ. வாங்கியும் மோட்டார் போட்டா ட்ரிப் ஆகுது சார்."

ஆகத்தான் செய்யும்! வி.ஏ. வேறு, வாட் வேறு, 850 வி.ஏ. பெரும்பாலும் 700 வாட்டுக்குள்தான். அரை எச்.பி. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். நின்ற பாரவண்டியைக் கிளப்ப மாடு படும் பாடுதான். இதைச் சொல்லியா விற்கிறார் கடைக்காரர்? ஓவர்லோடு விளக்கு எரிந்து நிற்பது பழுதல்ல, காவல். அதையும் மீறினால் ஃப்யூஸ் போகும்.

"அதுல தடிக் கம்பி சுத்திடலாம் சார்" என்றார் ஓர் எலக்ட்ரீஷியன். 12 வோல்ட் பேட்டரியில் 700 வாட் எடுக்கவே ஏறக்குறைய 60 ஆம்பியர் ஓடுகிறது. கேபிள் தீப்பிடித்தால் யார் பொறுப்பு? வாசலோடு அனுப்பிவிட்டேன். மோட்டார் லைனைப் பிரியுங்கள். பில்லில் வாட் எழுதி வாங்குங்கள்.