குமரிக்கு டூர் போறீங்களா? அமாவாசை, பவுர்ணமியை பார்த்து கிளம்புங்க!

கன்னியாகுமரி:
"கடல் நீர்மட்டம் தாழ்வு... படகு போக்குவரத்து தாமதம்!" கன்னியாகுமரி படகுத்துறையில் அடிக்கடி கேட்கும் அறிவிப்பு இது. ராத்திரி முழுக்க பஸ்சில் வந்து, சூரிய உதயம் பார்த்த கையோடு விவேகானந்தர் பாறைக்கு போக க்யூவில் நிற்கும் குடும்பங்கள் கையை பிசைகின்றன. சுனாமியை நினைத்து சிலர் பயந்தும் போகிறார்கள்.

பயப்பட இதில் ஒன்றும் இல்லை. கடல் தினமும் சுமார் 2 முறை ஏறும், 2 முறை இறங்கும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். குமரியில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பாறைகள் நிறைந்த இடத்தில் படகு தரைதட்ட அதுவே போதும்.

கூட்டமும் அன்றுதான்!

சிக்கலே இங்குதான். ஆடி அமாவாசைக்கு முக்கடல் சங்கமத்தில் புனித நீராடவும், சித்ரா பவுர்ணமிக்கு சூரியன் மறைய சந்திரன் உதிப்பதை பார்க்கவும் ஜனம் திரள்கிறது. கடல் அதிகம் ஏறி இறங்கும் நாளில்தான் கூட்டமும் அதிகம்.

2024 டிசம்பர் 30-ந்தேதி திறக்கப்பட்ட கண்ணாடி பாலத்தால், விவேகானந்தர் பாறையில் இருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம். ஆனால் கரையில் இருந்து பாறைக்கு படகுதானே கதி?

முன்கூட்டியே தெரியுமே!

கடல் ஏற்ற இறக்க நேரங்களை கணக்கிட்டு இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகிறது. அதில் உள்ள மறுநாள் நேரத்தை டிக்கெட் கவுண்டரிலும் லாட்ஜ்களிலும் எழுதி போட்டாலே பாதி பிரச்சினை தீரும். இறக்கத்தில் இருந்து ஏற்றத்துக்கு சுமார் 6 மணி நேரம். காலையில் தண்ணீர் குறைவு என்று தெரிந்தால் பகவதி அம்மன் கோவில், காந்தி மண்டபம், வட்டக்கோட்டையை முதலில் முடித்துவிட்டு மதியம் படகு ஏறலாம்.

அட்டவணையில் வராத ஆபத்தும் உண்டு. எங்கோ தூரத்து கடலில் அடிக்கும் புயல்காற்றால் கிளம்பும் ராட்சத அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையில் வந்து மோதும். திருடன் மாதிரி வருவதால் 'கள்ளக்கடல்' என்று பெயர். 2024 மே 6-ந்தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேர் அலையில் சிக்கி பலியானது இப்படிப்பட்ட எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் விடுத்த அந்த எச்சரிக்கை, கடலில் கால் நனைக்க வந்தவர்களை தடுத்து நிறுத்தவில்லை.

படகு லேட்டானால் போவது அரை நாள். கள்ளக்கடலை கண்டுகொள்ளாவிட்டால் போவது உயிர். வெளியூர்க்காரர்களுக்கு கடல் தெரியாது. ஏற்ற இறக்க நேரமும் அலை எச்சரிக்கையும் ஒவ்வொரு கடற்கரை வாசலிலும் பளிச்சென்று தெரியவேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் தடுக்க ஆளும் நிற்கவேண்டும்.