வெள்ளையுடைக் காவலன்

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். படிக்கும் பிள்ளையின் கையில் அத்தகைய நூலொன்றைக் கண்டால், பறித்து அலுமாரியிற் பூட்டிவைப்பது பல வீடுகளில் வழக்கம். நாமும் நெடுநாளாக அக்கட்சியையே சார்ந்திருந்தோம். யப்பானிற் பிறந்த கதையொன்று எமது உறுதியைச் சற்றே தளர்த்திவிட்டது.

அக்கானே சிமிசு என்னும் பெண்மணி, பாடம் படித்துக்கொண்டிருந்த தம் தங்கைக்கு உதவியாக வரையத் தொடங்கிய கதை அது. 2015 முதல் 2021 வரை தொடராக வெளிவந்தது. அதன் பெயரைத் தமிழில் ‘உழைக்கும் கலங்கள்’ எனலாம். மனித உடல் அங்கு ஒரு மாநகரம். செங்குழியங்கள் வீடுவீடாக ஒட்சிசன் பொதி சுமக்கும் பணியாளர். காயத்தை அடைக்கும் குருதிச் சிறுதட்டுகள் சின்னஞ்சிறு குழந்தைகள். இவர்களிடையே வெண்ணிற உடையும், வெளிறிய முகமும், கையிற் கத்தியுமாகத் தோன்றுபவனே கதாநாயகன். வெண்குழியங்களுள் ‘நடுநிலைநாடி’ என்று மாணவர் கற்கும் இனத்தைச் சேர்ந்தவன். அவனுக்குப் பெயர் இல்லை; இலக்கம் மாத்திரமே உண்டு. பற்றீரியா நகருட் புகுந்தால் பாய்ந்து வந்து வெட்டி வீழ்த்துவான். குருதி தோய்ந்த உடையுடனேயே, வழிதவறி நிற்கும் செங்குழியப் பெண்ணுக்குப் பணிவோடு வழிகாட்டவுஞ் செய்வான்.

இக்கற்பனையில் உண்மை எவ்வளவு? நாம் நினைத்ததிலும் அதிகம். வளர்ந்தோரின் குருதியிலுள்ள வெண்குழியங்களிற் பாதிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் இவ்வினத்தனவே. என்பு மச்சை நாளொன்றுக்கு ஏறக்குறையப் பத்தாயிரங் கோடி நடுநிலைநாடிகளைப் பிறப்பிக்கின்றது. அவற்றின் ஆயுளோ சில மணி நேரம், மிஞ்சினாற் சில நாள். அவற்றிடம் கத்தி இல்லை; பகையை விழுங்கிக் கொல்கின்றன. சில, தம் கருவிலுள்ள மரபுநூலையே வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்கவைத்துத் தாமும் மடிகின்றன. இதனை அறிஞர் வெளியிட்டது 2004 ஆம் ஆண்டிலேதான். புண்ணில் வடியும் சீழை நாம் அருவருப்போடு துடைத்தெறிகிறோம். அதிற் பெரும்பகுதி இவ்வாறு மாண்ட காவலரின் உடலங்களே.

ஆயினும் கதை ஓரிடத்திற் பிள்ளைகளை மயக்கிவிடக் கூடும். கதாநாயகனுக்குக் கடமையுணர்வும் நெஞ்சுரமும் உண்டு. மெய்யான கலத்துக்கு அவை இல்லை. இரசாயனச் சுவட்டைப் பின்தொடர்ந்து செல்வதே அதன் தொழில். சிலவேளை அளவுமீறிப் பாய்ந்து சொந்த நுரையீரலையும் மூட்டையும் புண்படுத்திவிடும். எனவே ஒருவர் நோயில் வீழ்ந்தால், அவருடைய காவலர் கோழைகள் என்பது பொருளன்று. நோயாளியைப் பார்க்கச் சென்று, “மனத்தைத் திடப்படுத்து, போராடு” என்று கூறிவருகிறோம். குணமாகாவிடிற் குற்றம் தம்முடையதே என்னும் பாரத்தை அவர்மேல் ஏற்றிவிட்டு வருகிறோம் என்பதை எண்ணுகிறோமா?

இக்கதையைத் தழுவி 2024 டிசெம்பரில் யப்பானில் வெளியான திரைப்படம் அந்த இடத்தையே தொடுகின்றது. அதில் இளம்பெண் ஒருத்தி குருதிப் புற்றுநோய்க்கு ஆளாகிறாள். என்பு மச்சையில் உருவாகும் கலங்கள் பழுதுற்றுக் கட்டின்றிப் பெருகுவதே அந்நோய். பகைவன் வெளியிலிருந்து வந்தவனல்லன், காவலனின் உடன்பிறப்பு. அவனை ஒழிக்கக் கொடுக்கும் மருந்து நல்ல காவலரையும் உடன் கொன்றுவிடுகின்றது.

ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் நடுநிலைநாடிகள் சாதாரணமாக 1,500க்கு மேல் இருக்கும். மருந்தினால் அவை 500க்குக் கீழே இறங்கினால் உடல் காவலற்ற ஊராகிவிடும். அவ்வேளை நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். தடிமன் பிடித்த உறவினர் பழப்பையோடு பார்க்க வருவது அன்புதான். அன்று வராதிருப்பது அதனினும் பெரிய அன்பு. சுகமாயிருப்போரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே கட்டிலருகே செல்லவேண்டும்.

பெற்றோரே, கதையில் வெட்டும் குருதியும் மிகுதி. ஆதலாற் சிறு குழந்தைகளுக்கு அது உகந்ததன்று. மேல்வகுப்புப் பிள்ளைகளாயின் அலுமாரியைத் திறந்து நூலைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் படித்து முடித்ததும் அருகிருந்து ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: காவலன் தளர்ந்த வீட்டில், வாசலிற் காவல் நிற்கவேண்டியவர் நாமே.