நான்கு நாய்களும் ஒரு பூச்சியமும்

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை இலங்கை முழுவதும் விலங்குக் கணக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பயிரை அழிக்கும் குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றை அந்த ஐந்து நிமிடங்களில் எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். மாத்தளையில் எங்கள் வளவுப் பலாமரத்தில் அன்றும் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. நானும் பேனாவுடன் விறாந்தையில் அமர்ந்தேன். 7.58க்குச் சீசர் ஒரேயொரு முறை குரைத்தான். ஏனைய மூன்றும் காரணம் கேளாமலே சேர்ந்துகொண்டன. 8 மணிக்கு மரத்தில் பலாப்பிஞ்சுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. பூச்சியம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பத்திரிகைத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், முற்றிலும் உண்மையாகவும் முற்றிலும் தவறாகவும் நான் எழுதியது அது ஒன்றுதான்.

ஒரு நாயுடன் வாழ்வது வேறு, நான்குடன் வாழ்வது வேறு. நான்கு கோப்பைகளில் ஒரே சோற்றை இட்டாலும், அடுத்த கோப்பையில் இருப்பதே சுவையானது என்பது அவற்றின் நம்பிக்கை. வீட்டின் தலைவன் சீசர் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கதவோரத்தில் படுத்தபடி யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிப்பவள் அவனில் பாதி உயரமுள்ள கறுப்பி. மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் பஞ்சரதங்கள் புறப்பட வெடிச்சத்தம் கேட்டதும், கட்டிலுக்கு அடியில் முதலில் நுழைபவன் சீசர்தான்.

சீசரை மட்டுமே நாங்கள் விரும்பி வாங்கினோம். மற்ற மூன்றும் பெட்டைகள். மூன்றும் வீதியில் கிடந்தவை. கறுப்பி, தோட்டத்து வளைவில் ஓர் உரச்சாக்கினுள் இருந்தாள். சாக்கில் ஐந்து குட்டிகள். நான் அவிழ்த்தபோது உயிருடன் இருந்தவை இரண்டு. மற்றது அன்றிரவைத் தாண்டவில்லை. ஐந்தும் பெட்டைகள். ஆண்குட்டிகளுக்கு எங்கோ வீடு கிடைத்திருக்க வேண்டும்.

இதைச் செய்பவர்கள் லயத்து மக்கள் என்று நகரத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வளைவில் வாகனத்தை நிறுத்திப் பெட்டியொன்றை இறக்கிவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். லயத்தில் ஒரு நாய்க்குப் பத்து வீட்டுச் சோறு. அதன் உரிமையாளர் யாரென்று கேட்டால் பத்துப் பேரும் சிரிப்பார்கள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா ஒரு நாள் பேரு போயிரும் ஐயா” என்றார் கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

சட்டம் இல்லாமலில்லை. விசர்நாய்க்கடி நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டுக்குரியது. 1973இல் இந்நோயால் இந்நாட்டில் 377 பேர் மாண்டனர். இப்போது அந்தத் தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்திருப்பது பெரும்பாலும் தடுப்பூசியால் விளைந்த நன்மை. தெருநாய்களைக் கொல்வதை 2006இல் அரசு கைவிட்டது. அதை நான் அன்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் கொல்லாமல் விட்டால் கருத்தடை செய்தாக வேண்டும். ஒரு பெட்டை கருவுற்றுக் குட்டி ஈன ஏறத்தாழ 63 நாட்கள் போதும். நடமாடும் முகாம் என்றோ ஒருநாள் வந்து போனால் அந்தக் கணக்கை எட்டிப் பிடிக்க முடியாது. சத்திரசிகிச்சை லயத்து வாசலுக்கே வரவேண்டும். அதுவும் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், இலவசமாக. குரங்கை எண்ணப் படிவம் வீடு தேடி வந்த நாட்டில் இது கேட்கக்கூடாத கோரிக்கையல்ல.

எங்கள் மூன்று பெட்டைகளுக்கும் சிகிச்சை முடிந்துவிட்டது. வீட்டில் இதற்கு மேல் இடமில்லை என்று மனைவி திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் காலையில் நடக்கப் போகும்போது அந்த வளைவைக் கடந்தால் சாக்கு ஏதும் கிடக்கிறதா என்று பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை.