பிடிப்பு இருந்தால்தான் இழுவை

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்குத் தெற்கே உள்ள சில ஊர்களில் 2022 நவம்பரில் நான்கே நாளில் ஆறடிக்கும் மேல் பனி கொட்டியது. பக்கத்திலுள்ள ஈரி ஏரியின் நீர் வெதுவெதுப்பு ஆறாமல் இருக்கும்போது மேலே கடுங்குளிர் காற்று வீசினால், அது ஈரத்தை அள்ளிவந்து கரையோர ஊர்களில் பனியாக இறக்கிவிடும். ஓர் ஊரில் இடுப்பளவு, சில மைல் தள்ளி கணுக்காலளவு என்று விழுவது ஏரிப்பனியின் குணம். முன்னால் இரும்புப் பிளேடு மாட்டிய பிக்கப் டிரக் அங்கே சாதாரணக் காட்சி. ஏருக்கும் இந்தப் பிளேடுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். ஆனால் இது எதையும் உழுவதில்லை. புல்டோசர் மண்ணைத் தள்ளுவதுபோலப் பனியைத் தள்ளி ஒதுக்குகிறது.

'ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே, எவ்வளவு பனியானாலும் தள்ளிவிடலாம்' என்று புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள். பாதி உண்மை. மறந்துபோகிற மறுபாதிதான் கியர்பாக்ஸைக் கெடுக்கிறது, வண்டியைப் பள்ளத்தில் இறக்குகிறது.

நாலு சக்கர இழுவை இன்ஜினின் விசையை நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். தரையைப் பற்றுவது டயர். இறுகிய பனியில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு, காய்ந்த தார்ச்சாலையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கண்ணாடிபோல் உறைந்த தரையில் அதுவும் இல்லை. பிரேக் பிடிக்கும் நேரத்தில் நாலு சக்கர இழுவையால் பயனே கிடையாது. கிளம்புவது சுலபமாக இருப்பதால் நிற்பதும் சுலபம் என்று மனம் ஏமாந்துவிடுகிறது.

இப்போது எடையைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து தெருவரை 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. அதில் 60 செ.மீ. பனி. மொத்தம் 36 கன மீட்டர். புதுப்பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ என்று வைத்தால்கூட மூவாயிரத்து அறுநூறு கிலோ. ஒருநாள் கிடந்து படிந்துவிட்டால் அதே உயரத்துப் பனி இதைப்போல் இரண்டு மடங்கு கனக்கும். தள்ள வரும் டிரக்கின் எடையோ சுமார் 3 டன். எட்டடிப் பிளேடு ஒவ்வொரு மீட்டர் நகரும்போதும் முன்னால் 140 கிலோவுக்கு மேல் சேர்கிறது. ஓரத்தில் கொஞ்சம் வழிந்து போனாலும், ஏழெட்டு மீட்டருக்குள் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும்.

பலர் இந்த இடத்தில்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்கள். சுழலும் டயர் அடியிலுள்ள பனியை உருக்கி வழவழப்பாக்கும். வண்டி இன்னும் இறங்கும். அதைவிட மோசம், அடித்தட்டு பனிமேட்டில் ஏறிக்கொள்வது. படகு மணல்திட்டில் தரைதட்டியதுபோல வண்டி உட்கார்ந்துவிடும். சக்கரம் தரையில் அழுந்தாதபோது நாலும் சுழன்று என்ன செய்ய? மண்வெட்டியோடு மண்டியிட்டு அடியில் தோண்டியெடுப்பதுதான் வழி.

அதனால் அனுபவசாலிகள் பனி நிற்கும்வரை காத்திருப்பதில்லை. 15 செ.மீ. விழுந்ததும் ஒரு சுற்று, மறுபடி 15 விழுந்ததும் இன்னொரு சுற்று. மொத்த எடை அதேதான். ஒருமுறைக்கு வரும் சுமை கால்வாசி. ஏற்கெனவே ஆழமாகிவிட்டால் பிளேடைத் தூக்கி மேல் அடுக்கை மட்டும் சீவி ஒதுக்கிவிட்டு, பிறகு அடி அடுக்குக்கு வரவேண்டும். அல்லது பிளேடின் பாதி அகலத்துக்கு மட்டும் ஓரத்திலிருந்து கடித்துக் கடித்து எடுக்கவேண்டும். ஒரு மீட்டரைத் தாண்டிய பனி பிக்கப்பின் வேலையே அல்ல. 2022-இல் அந்த ஊர்களில் பெரிய லோடர்களால் பனியை அள்ளி லாரியில் ஏற்றித்தான் தெருக்களைத் திறந்தார்கள்.

பிளேடும் அதன் சட்டமும் சேர்ந்து 300, 400 கிலோ முன்னச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. பின்பக்கம் இலேசாகிவிடும். ஆகவே பின் கதவை ஒட்டி மணல்மூட்டைகளை அடுக்கி, அசையாதபடி இறுக்கிக் கட்டவேண்டும். ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றும்முன் வண்டி முழுதாக நிற்கவேண்டும். ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் போகிற வண்டியில், உருளும்போதே கியர் மாற்றும் பழக்கம் டிரான்ஸ்மிஷனைத் தின்றுவிடும்.

முதல் பனியைத் தேவைக்கு அதிகமான தூரம் தள்ளிக் குவியுங்கள். குவியல் இரவில் கல்லாக இறுகும். ஜனவரியில் அதை அசைக்க முடியாது, பாதை மாதாமாதம் குறுகும். தெருவில் தள்ளிவிடலாம் என்று நினைக்கவேண்டாம், நியூயார்க்கில் அது சட்டவிரோதம். கடைசியாக ஒன்று. சேற்றில் புதைந்த வண்டியைவிடப் பனியில் புதைந்த வண்டிக்கு ஓர் ஆபத்து கூடுதல்: புகைக்குழாய் மூடிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. குளிருக்கு ஹீட்டர் போட்டுக்கொண்டு உள்ளே காத்திருக்கும்முன், இறங்கிப்போய்ப் புகைக்குழாயின் வாயைச் சுற்றியுள்ள பனியைக் கையாலாவது தோண்டி விலக்கிவிட்டு வாருங்கள். பனி விழுந்துகொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் மறுபடியும் இறங்கவேண்டியிருக்கும்.