வேனுக்குள்ள ஓணான் வளர்க்கலாமா?

எங்க க்ளாஸ் நண்பன் ஒருத்தனுக்குப் புதுசா ஒரு கனவு. பி.காம். முடிச்சதும் பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் போட்டு ஊர் ஊராச் சுத்தப் போறானாம். துணைக்கு நாய், பூனை வேண்டாமாம். இகுவானா வேணுமாம். எல்லாம் வெளிநாட்டு வீடியோ பார்த்த கோளாறு :-)

"குளிர்ல செத்துடும் மச்சான், ஹீட்டர் வைக்கணும்"னு அக்கறையா வேற சொன்னான். பண்டசோழநல்லூர்ல, சித்திரை வெயில்ல, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு ஹீட்டர் பத்திப் பேசின முதல் ஆளுங்க நாங்களாத்தான் இருப்போம்.

அவன் சொன்னது பாதி சரி. பல்லி, பாம்பு, ஆமை எதுவும் நம்மள மாதிரி உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்காது. காலையில வெயில்ல காயும், சூடு அதிகமானா நிழலுக்கு ஓடும். அதனால கூண்டுல ஒரு பக்கம் சூடாவும் இன்னொரு பக்கம் இதமாவும் இருக்கணும். பியர்டட் டிராகன்னு ஒரு பல்லி இருக்கு. அதுக்கு ஒரு மூலையில 40 டிகிரியை ஒட்டி, மறு மூலையில 25 டிகிரியை ஒட்டி வேணும். எந்தப் பக்கம் போறதுன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். ஹீட்டரை விட அந்த இடம்தான் முக்கியம்.

இதை நான் புஸ்தகம் பார்த்துக் கத்துக்கல. ஆறாவது படிக்கும்போது வேலியில இருந்த ஓணான் ஒண்ணைப் பிடிச்சு, கண்ணாடி பாட்டில்ல போட்டு, மொட்டை மாடியில வெச்சேன். மூடியில ஆணியால ஓட்டைகூடப் போட்டேன். காத்து இருந்தா போதும்னு நினைப்பு. மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா செத்துக் கிடந்துச்சு. ஓடறதுக்கு நிழல் இல்ல, அவ்வளவுதான். இன்னைக்கும் அந்த பாட்டில் கண்ணுல நிக்குது.

வெயில்ல நிறுத்தின வேனும் அந்த பாட்டில் மாதிரிதான். வெளியே 35 டிகிரின்னா, கதவைச் சாத்தின வண்டிக்குள்ள ஒரு மணி நேரத்துல 50ஐத் தொட்டுடும். நாம டீ குடிக்க இறங்கிடுவோம். கூண்டுல இருக்கறது எங்கே இறங்கும்? குளிர் நாட்டுல இதுவே தலைகீழ். ராத்திரி பேட்டரி தீர்ந்தா ஹீட்டர் அணைஞ்சிடும்.

கொஞ்ச இடத்துல பாம்பை வெச்சுக் காப்பாத்தத் தெரிஞ்சவங்க நம்ம ஈ.சி.ஆர். ரோட்டுலேயே இருக்காங்க. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், 1978ல ஆரம்பிச்சது. மண்பானைக்குள்ள பாம்பை விட்டு, வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. மண்பானை சூடு ஏறாம பார்த்துக்கும், துணி வழியா காத்து போகும். வாரம் ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை விஷம் எடுப்பாங்க. அப்புறம் வயித்துச் செதில்ல அடையாளம் வெச்சு, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. வாங்கின கடனைத் தவணைக்குள்ள திருப்பற மாதிரி.

திருப்பத் தெரியாதவங்க கதை அமெரிக்காவுல இருக்கு. ஃப்ளோரிடாவுல ஆசைக்கு வாங்கி, சமாளிக்க முடியாம விட்ட பர்மா மலைப்பாம்புகள் காட்டுல பெருகிடுச்சு. அதைப் பிடிக்க 2017ல இங்கேருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு! 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

சட்டமும் இருக்கு. நட்சத்திர ஆமை, உடும்பு எல்லாம் வீட்ல வெச்சிருந்தாலே 1972ஆம் வருஷ வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இகுவானா மாதிரி வெளிநாட்டு இனங்களை வெச்சிருந்தா, 2024ல வந்த விதிகள்படி அரசாங்கத்துல பதிவு பண்ணணும்.

காமர்ஸ் பாஷையில சொல்றேன். குட்டியோட விலை ஒரு நாள் செலவு. சூடும் நிழலும் தினசரிச் செலவு, பதினஞ்சு வருஷத்துக்கு. கையில அடங்குற இகுவானா குட்டி அஞ்சு அடிக்கு வளரும். வேன் வளராது.

மச்சான், நீ வேன் வாங்கு. நானும் வர்றேன், டீசல்ல பாதி என் பங்கு. ஓணானை மட்டும் போற வழியில வேலியிலேயே பார்த்துக்குவோம். அதுக்கு எப்போ வெயில், எப்போ நிழல்னு நம்மள விட நல்லாத் தெரியும்.