தனியே போகட்டும்!

அமெரிக்க மாணாக்கர்களுக்கென்று அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் மதுரையில் பல்லாண்டுகளாகத் தமிழ் வகுப்பு நடத்தி வந்திருக்கிறது. அந்த மாணாக்கர்களுக்கு நமது யோசனை ஒன்று உண்டு. விடுமுறையில் துணைக்கு எவரையும் அழைக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறட்டும். துணைவர் வந்தால் பேசுகிற வேலை முழுவதும் அவருடையதாகிவிடும், மாணாக்கர் ஊமைதான்!

பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும் இறங்கலாம். ஆண்டாளின் கையிலுள்ள கிளியைப் பற்றிப் பட்டரிடம் விசாரித்தால், தினந்தோறும் இலைகளால் புதிதாய்ச் செய்வது என்றும், மூக்குக்கு மாதுளம்பூ என்றும் சொல்லுவார். பாடப் புஸ்தகமோ பறவைக்கு ‘அலகு’ என்றல்லவா கற்பித்தது? பால்கோவாக் கடையிலும் அப்படியே. ‘இருநூற்றைம்பது கிராம்’ என்று இலக்கணமாய்க் கேட்பவருக்கு ஒரு புன்னகை கிடைக்கும்; ‘கால் கிலோ’ என்பவருக்கு உடனே பொட்டலம் கிடைக்கும்.

அங்கிருந்து இராஜபாளையம் அரை மணிப் பிரயாணம். அங்கேதான் திகைப்பு! தெருத் திண்ணைப் பேச்சில் ஒரு வார்த்தை கூடப் புரியாது. படித்ததெல்லாம் வீணோ என்று கலங்க வேண்டாம். அது தெலுங்கு. இவ்வூர் ராஜுக்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பேசும் பாஷை. 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் மந்திரிசபைக்குத் தலைமை வகித்த குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரரே. வழி கேட்டால் அதே திண்ணையிலிருந்து சுத்தமான தமிழில் பதில் வரும். வெள்ளை முகத்தைக் கண்டு யாராவது இங்கிலீஷில் தொடங்கினால், “தமிழிலேயே சொல்லுங்கள், ஐயா” என்று கேட்டுக்கொள்ளலாம்.