பூகம்பப் பதிவும் அலைகளைப் பிரித்தறிதலும்

பூகம்பம் நிகழ்ந்ததும் அதன் அளவு எத்தனை என்றே யாவரும் வினவுகின்றனர். அளவு தெரிந்தவுடன் பதிவின் பயன் தீர்ந்ததாகக் கருதும் போக்கும் காணப்படுகிறது. இது சரியன்று. அளவு, நிகழ்ச்சியைப் பற்றியது. பதிவோ, அலைகள் கடந்துவந்த பூமியைப் பற்றியும் கூறுவது.

1897 ஜூன் 12-ல் அஸ்ஸாமை உலுக்கிய பூகம்பம் இதற்குத் தக்க சான்றாகும். இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் ஆர். டி. ஓல்டாம், ஐரோப்பாவில் கிடைத்த பதிவுகளை ஆராய்ந்து, மூவகை அலைகள் முறையே வருவதைக் கண்டார். முதலில் வருபவை, செல்லும் திசையிலேயே துகள்களை அசைக்கும் நெடுக்கலைகள். அடுத்தவை, திசைக்குச் செங்குத்தாக அசைக்கும் குறுக்கலைகள். இவை திரவத்தில் செல்லா. இறுதியில் வருபவை மேற்பரப்பு அலைகள். இவ்வாறு பிரித்தறிந்த பின்னரே, பூமிக்குக் கரு உண்டென்பதற்கு 1906-ல் அவர் சான்று காட்ட முடிந்தது.

இன்று இம்முறை மேலும் நுட்பமடைந்துள்ளது. தொலைவிலிருந்து வரும் நெடுக்கலை, மேலோட்டின் அடியெல்லையைக் கடக்கையில், அதன் ஒரு பகுதி குறுக்கலையாக மாறிச் சற்றுப் பிந்தி வருகிறது. மேலோடு 35 கிலோமீட்டர் தடிப்பாயின் இப்பிந்தல் ஏறத்தாழ 4 விநாடி. வலிமையான முதல் அலையின் பின்னே மறைந்துகிடக்கும் இச்சிற்றலையைக் காண, மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு ஆகிய மூன்று அசைவுகளும் வேண்டும்; கிடை அசைவுகளை அலை வந்த திசைக்கேற்பத் திருப்பிக் கணக்கிடவும் வேண்டும்.

களப் பணியாளரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. கருவியின் வடக்குக் குறி உண்மை வடக்கினின்றும் விலகினால், பிரிய வேண்டியவை கலந்துவிடும். பின்னர் கணக்கினால் திருத்தலாமே என்பர். ஓரளவு உண்மையே. ஆயினும், கருவி என்று நகர்த்தப்பட்டது என்னும் குறிப்பு இல்லாவிடில், எப்பதிவுக்கு எத்திருத்தம் என்பதை எவர் அறிவார்? கடிகாரப் பிழையும் அத்தகையதே. ஒரே நிலையத்தில் ஈரலைகளின் இடைவெளியை அது கெடுப்பதில்லை. பல நிலையங்களின் வருகை நேரங்களை ஒப்பிடுகையிலோ முடிவையே பிறழச் செய்யும்.

ஆசிரியர்களும் வரையறைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாது, அண்மைப் பூகம்பமொன்றின் பதிவை மாணவர் கையில் கொடுத்தல் நலம். நெடுக்கலைக்கும் குறுக்கலைக்கும் இடைப்பட்ட விநாடிகளை எட்டால் பெருக்கினால், தூரம் கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். பத்து விநாடியெனில் எண்பது கிலோமீட்டர். அளவுகோலால் இதனைத் தானே கண்ட மாணவன், பதிவின் ஒவ்வொரு வளைவுக்கும் பொருளுண்டென்பதை உணர்வான்.

நிகழ்ந்த பூகம்பம் மீண்டும் அவ்வாறே நிகழாது. அதன் பதிவைக் குறைவின்றிக் காப்பது ஒன்றே நம்மால் ஆவது.